ஒசாகா தெருச் சாப்பாடு: ஊர்க்காரர் கூட வந்தா என்ன தெரியும்?

[காட்சி: டோட்டன்போரி வாய்க்கால், சாயங்காலம்]

ஜப்பான்ல ஒசாகா நகரத்தோட சாப்பாட்டுத் தெருவான டோட்டன்போரிக்கு வர்றவங்க எல்லாரும் நேரா கிளிகோங்கிற மிட்டாய்க் கம்பெனியோட விளம்பர போர்டு முன்னாடி போட்டோ எடுக்கத்தான் ஓடுவாங்க. நம்ம கைடு ஒசாகாவுலயே பிறந்து வளர்ந்தவர். அவர் நம்மளை ஒரு டாகோயாகி (ஆக்டோபஸ் வெச்ச மாவு உருண்டை) கடை முன்னாடி நிறுத்துறார். "உடனே வாங்காதீங்க. முதல்ல கடைக்காரர் கையைப் பாருங்க"ங்கிறார்.

[காட்சி: இரும்புக் கல், மிகக் கிட்டத்தில்]

பார்த்தா அசல் பணியாரக் கல்லேதான். ஆனா மாவைக் குழி குழியா ஊத்தல, கல்லு முழுக்க வழியுற மாதிரி ஊத்துறார். மாவும் ரொம்ப நீர்க்க இருக்கு. கோதுமை மாவு, முட்டை, கூடவே டாஷி. கொம்புங்கிற கடற்பாசியையும், புகைபோட்டு உலர்த்திச் சீவின சூரை மீனையும் போட்டு இறக்குற சாறுதான் டாஷி.

குழிக்கு ஒரு துண்டு வேகவெச்ச ஆக்டோபஸ். மேல வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரிச்ச மாவுத் துணுக்கு. அடி வெந்ததும் ஒரு கூர்க் கம்பியால குழிகளுக்கு நடுவே கோடு கிழிக்கிறார். வெளிய வழிஞ்ச மாவைக் குழிக்குள்ள மடிச்சுத் தள்ளி, அப்படியே திருப்புறார். நாம வீணாப் போகுதுன்னு நினைச்ச மாவுதான் உருண்டையோட மறுபாதி! எனக்கு இதைப் பார்க்கச் சலிக்கவே இல்ல.

இது 1935-ல இதே ஒசாகாவுல பிறந்த பண்டம். ஐசுயா கடையோட எண்டோ தோமெகிச்சி, அதுவரைக்கும் மாட்டுத் தசைநார் வெச்சு இதே மாதிரி உருண்டை போட்டுட்டிருந்தார். பக்கத்து ஆகாஷி ஊர்ல ஆக்டோபஸ் போடுற வழக்கம் உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் மாத்தினார். அப்போ மேல சாஸ் கிடையாது, மாவுலயே ருசி. அதனால முதல் உருண்டையை சாஸ் இல்லாமக் கேட்டு வாங்கச் சொல்றார் கைடு. குச்சியால கொஞ்சம் பிளந்து ஆவியை விடுங்க. உள்ள இன்னும் இளகலாத்தான் இருக்கும், முழுசாப் போட்டா நாக்கு வெந்துடும்.

சாப்பிட்டுக்கிட்டே நடக்காதீங்க. கடை ஓரமா நின்னு முடிச்சு, தட்டை அங்கேயே குடுத்துடுங்க. 1995 டோக்கியோ சாரின் விஷவாயுத் தாக்குதலுக்கு அப்புறம் பொது இடங்கள்ல குப்பைத் தொட்டி ரொம்பக் குறைஞ்சுபோச்சு.

[காட்சி: ஷின்செகாய், பின்னால் சூதென்காக்கு கோபுரம்]

அடுத்து ஒசாகாவோட இன்னொரு பகுதி, ஷின்செகாய். இங்க குஷிகாட்சு. குச்சியில குத்தின கறி, காய், மீன் எதையும் மாவு தோய்ச்சுப் பொரிக்கிறாங்க. சாஸ் பாத்திரம் பொதுவா இருந்தா ஒரே ஒரு முக்குதான், கடிச்சதை மறுபடி முக்கவே கூடாது. கொரோனாவுக்கு அப்புறம் நிறைய கடைகள் பாட்டிலுக்கு மாறிட்டாங்க.

சைவம் சாப்பிடுறவங்க இதைக் கவனமாக் கேளுங்க. ஆக்டோபஸ் வேண்டாம்னு சொன்னாலும் டாகோயாகி மாவுலயே மீன் சாறு இருக்கு. காய் குஷிகாட்சுவும் கறி பொரிச்ச அதே எண்ணெய்லதான் வரும், சில கடைகள்ல அது மாட்டுக் கொழுப்பு. கடையைக் கண்டுபிடிக்க மேப் போதும். "இதுல டாஷி இருக்கா, எந்த எண்ணெய்?"னு ஜப்பானிய மொழியில கேட்டுச் சொல்லத்தான் ஆள் வேணும். நம்பிச் சாப்பிடணும்னா குளிர்காலத்துல சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும்.

காசு வாங்கி வழிகாட்ட அரசு உரிமம் வேணும்ங்கிற சட்டம் 2018-ல தளர்ந்துடுச்சு. இப்போ யாரும் கைடா வரலாம், அதனால முன்பதிவுக்கு முன்னாடி விமர்சனங்களைப் படிங்க. குட்வில் கைடுன்னு தன்னார்வலர்களும் இருக்காங்க. கட்டணம் கிடையாது, ஆனா அவங்க பயணச் செலவும் சாப்பாடும் நம்ம பொறுப்பு. உங்க உணவுக் கட்டுப்பாட்டை முதல் மெயில்லயே எழுதிடுங்க.