சளிக்கு அந்த அஞ்சு மாத்திரை எதற்கு?

(திரையில்: மழை, மருந்துக் கடை)

"அண்ணே, ரெண்டு நாளா சளி, தொண்டை கரகரங்குது, அந்த அஞ்சு நாள் மாத்திரை குடுங்க." ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எந்த மருந்துக் கடையிலும் இந்தக் குரல் கேட்கும், சில கடைகளில் மறுபேச்சு இல்லாமல் அசித்ரோமைசின் அட்டை கைக்கு வந்துவிடும். காசுக்குப் பிடித்த கேடு. அது பாக்டீரியாவுக்கான மருந்து, சளியைக் கொண்டுவருவதோ வைரஸ். அதிலும் ரைனோவைரஸ் மட்டுமே 160 வகைக்கு மேல் இருக்கிறது, ஒரு வகையை உடம்பு பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். "போட்டதும் சரியாயிடுச்சே?" போடாவிட்டாலும் ஏழு, பத்து நாளில் சரியாகியிருக்கும்.

சளி பச்சையாகிவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம், அது நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு என்சைமின் நிறம்.

(திரையில்: சிறுவன், கழுத்தைத் தடவிப் பார்க்கும் கை)

விட்டுவிடக் கூடாதது வேறு. இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, ஆனால் திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்கினால் உயிர் போகிற வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால், அதுவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வு வரை போகும். இங்கே டாக்டர் எழுதும் ஆன்டிபயாடிக்கை முழுதாக முடிக்கத்தான் வேண்டும், மூன்றாம் நாள் வலி போனதும் மீதியை அலமாரியில் வைக்கக் கூடாது.

சரி, வராமல் தடுக்க? மழையில் நனைந்தால் மட்டும் சளி வந்துவிடாது, வைரஸ் உள்ளே போக வேண்டும். பஸ் கம்பியைப் பிடித்த கையால் கண்ணைக் கசக்குகிறோமே, அது ஒரு முக்கிய வழி. சானிடைசர் கரைக்கிற கொழுப்பு உறை ரைனோவைரஸுக்குக் கிடையாது, அதனால் அதற்கு அவ்வளவாக மசியாது. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவினால் தண்ணீரோடு போய்விடும்.

மிளகு ரசம் வைரஸைக் கொல்லாது, ஆனால் யாராவது வைத்துக் கொடுத்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம்.

(திரையில்: தூங்கும் குழந்தை, ஓடும் கடிகாரம்)

குழந்தை மூச்சு வாங்குகிறது போலத் தெரிந்தால், அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கும் சின்னக் குழந்தை என்றால் 60. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.