பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம். காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரத்தடியில் நிற்கிறேன். கையில் இருப்பது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ். பூச்சிகளைப் படிக்க ஆரம்பிப்பதற்கு இது போதும். மைக்ரோஸ்கோப் எல்லாம் அப்புறம்.

சரி, இலையைத் திருப்புகிறேன். மாவு தூவின மாதிரி தெரிகிறதா? மாவுப்பூச்சி. ஏதோ பூஞ்சை என்று நினைத்துவிடுவோம். குச்சியால் ஒன்றைப் புரட்டுகிறேன், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். ஆறு கால். உடம்பு தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி, காலெல்லாம் மார்பில். அப்படியென்றால் பூச்சிதான். இறக்கையைத் தேடாதீர்கள், இதில் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே இறக்கை உண்டு. பக்கத்தில் வலை கட்டியிருக்கிறாரே, அவருக்கு எட்டுக் கால். சிலந்தி வேறு கூட்டம்.

அடுத்தது வாய். கடித்துத் தின்கிற பூச்சி இலையில் ஓட்டை போடும். இது ஊசி மாதிரி வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சும். குடித்தது போக மிச்சத்தை இனிப்பாக வெளியேற்றும். அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வரிசை கட்டுகிறது, அதன் மேலேயே கரும்பூசணமும் படர்கிறது.

இங்கே என் கூத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன தடவை இந்த மரத்தில் வெள்ளையாக இருந்ததை எல்லாம் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளினேன். அதில் சில விறுவிறுவென்று ஓடின. மாவுப்பூச்சி அப்படி ஓடாதே என்று அப்போது தோன்றவில்லை. ஓடியவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுக்கள்! அவற்றின் உடம்பிலும் அதே மாதிரி வெள்ளை மெழுகு. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. எனக்கு வேலை செய்ய வந்தவனை நானே அடித்து விரட்டியிருக்கிறேன்.

என் கொல்லையில் நடந்தது ஒரு மரத்தோடு போயிற்று. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாகப் பரவியது. மல்பெரி போனால் பட்டுப்புழுவுக்குத் தீனி ஏது? மருந்து அடித்தார்கள். மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே போவது சிரமம், கூடவே நன்மை செய்யும் பூச்சிகளும் செத்தன.

வழி திறந்தது, அது எந்த இனம் என்று தெரிந்த பிறகுதான். பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். அறிவியலில் அதற்குப் பெயர் வைத்ததே 1992-இல். பார்வைக்கு மற்ற மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால், கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். பெயர் தெரிந்ததும் சொந்த ஊர் தெரிந்தது: மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். அந்தப் பக்கத்தில் இதை அடக்கி வைக்கும் குளவிகள் எவை என்பதும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. 2010-இல் பெங்களூரில் உள்ள, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சி ஆய்வு மையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் நன்றாகக் கைகொடுத்தது அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளரும். அடுத்த ஆண்டிலேயே தோட்டங்களில் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

தின்று முடித்த குளவி, மாவுப்பூச்சியின் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். அதைத்தான் இந்த இலையில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிஷம்... இந்த நரம்போரம், காய்ந்து உப்பின மாதிரி ஒன்று இருக்கிறதே. ஃபோகஸ் ஆகட்டும். பாருங்கள், ஓட்டை! இந்த இலையை நான் தொடப்போவதில்லை. பிரஷ்ஷையும் உள்ளே வைத்துவிடுகிறேன்.