கொளுத்தியது எந்தப் புத்தகத்தை?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

நைஜீரியப் பெண் எழுத்தாளர்களின் பெருங்கொடை நாட்டின் வரலாற்றை எழுதியதா, வீட்டுக்குள் நடப்பதை எழுதியதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அணி வீட்டின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவின் போரை வைத்தே பத்து நிமிடம் ஓட்டிவிட்டார். 1967 முதல் 1970 வரை நடந்த சண்டை, பட்டினிச் சாவுகள், அதை நாவலாக்கிய சிமமாண்டா என்கோசி அடிச்சி. "வீட்டுக் கதை எந்த ஊரில்தான் இல்லை?" என்று முடித்தார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன்.

சரி, அவர் காட்டிய புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அடிச்சி 2006-இல் எழுதிய 'ஒரு மஞ்சள் சூரியனின் பாதி'. முதல் அத்தியாயத்தில் பீரங்கி இருக்கிறதா? உக்வு என்ற கிராமத்துப் பையன் என்சுக்காவில் ஒரு கணிதப் பேராசிரியர் வீட்டுக்கு வேலைக்கு வருகிறான். குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதைப் பார்த்து அசந்துபோகிறான். ஃப்ரிட்ஜைத் திறந்தால் கோழி! வயிறாரத் தின்றுவிட்டு, ஊரில் இருக்கும் தங்கை நினைப்பில் மிச்சத் துண்டுகளைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு படுக்கப் போகிறான். போர் அப்புறம்தான் வருகிறது, அந்த அடுக்களை நமக்குச் சொந்த அடுக்களை ஆன பிறகு. ஐயா, எதிரணி கூட்டி வந்த சாட்சி எங்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நாற்பது வருடம் முன்னால், 1966-இல், ஃப்ளோரா என்வாபாவின் 'எஃபுரு' நாவல் வந்தது. ஒகுட்டா ஏரிக்கரையில் பிறந்தவர். கையெழுத்துப் படியை நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபேயிடம் காட்டினார். அவர் பாராட்டியதோடு நிற்காமல், லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்பத் தபால் செலவுக்கு ஒரு கினியும் கொடுத்தார். ஒரு கினி என்றால் இருபத்தொரு ஷில்லிங். ஆப்பிரிக்க இலக்கியத்தில் அதைவிட லாபமான முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த எஃபுரு யார்? பரிசப் பணம் கொடுக்க வழியில்லாதவனைத் தானே தேர்ந்தெடுத்துக் குடும்பம் நடத்தப் போனவள். வியாபாரத்தில் கெட்டிக்காரி, பரிசப் பணம்கூடப் பிறகுதான் கட்டப்படுகிறது. பெற்ற ஒரே மகளும் இறந்துபோகிறாள், இரண்டு கணவர்களும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஏரித் தெய்வம் உஹமிரியின் அடியவளாகிறாள். அந்தத் தெய்வம் அழகு தருவாள், செல்வம் தருவாள், பிள்ளை வரம் மட்டும் தர மாட்டாள். தாய்மையின் மகிழ்ச்சியையே அறியாத அந்தத் தெய்வத்தைப் பெண்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது.

அந்தக் கேள்விக்குப் பதிமூன்று வருடம் கழித்துப் பதில் வந்தது. பூச்சி எமச்செட்டா 1979-இல் எழுதிய நாவலின் பெயரே 'தாய்மையின் மகிழ்ச்சிகள்'. பெயரில் இருப்பது எகத்தாளம். அதில் வரும் என்னு ஈகோ என்பவள் பிள்ளைகளைப் பெற்றுப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, ஓர் இரவில் தெருவோரம் தனியாகச் செத்துப்போகிறாள். கை பிடிக்க ஒரு பிள்ளை இல்லை. செத்த பிறகு அவளுக்குக் கோயில் கட்டி, பிள்ளை வரம் கேட்கிறார்கள். அவள் கொடுப்பதே இல்லை!

எமச்செட்டா சும்மா எழுதவில்லை. 1962-இல் லண்டன் போனவர், இருபத்திரண்டு வயதுக்குள் ஐந்து பிள்ளைகள். 'மணப்பெண் விலை' என்று முதல் நாவல் எழுதியதும் கணவர் கையெழுத்துப் படியை நெருப்பில் போட்டார். பிள்ளைகளோடு வெளியேறி, அதையே மறுபடி எழுதி 1976-இல் வெளியிட்டார்.

இன்னொரு நெருப்பு உண்டு. வடக்கே கானோ நகரில் பெண்கள் ஹவுஸா மொழியில் மலிவுப் பதிப்பாக நாவல் எழுதினார்கள். நம் ஊர் பெட்டிக்கடையில் தொங்கிய மாத நாவல்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் மாநில ஆளுநரே முன்நின்று, ஒரு பெண்கள் பள்ளியில் அந்த வகைப் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார். குடும்பத்தைக் கெடுக்கிறதாம்.

எதிரணியில் யாரோ முணுமுணுக்கிறார்கள். அடிச்சியின் போர் நாவலும் தடுக்கப்பட்டதே என்கிறார்களா? 2014-இல் தணிக்கை வாரியம் தள்ளிப்போட்டது அந்த நாவலை வைத்து எடுத்த படத்தை, ஐயா. புத்தகம் அதற்குள் எட்டு வருடமாகக் கடையில் கிடந்தது.

கானோ எழுத்தாளர்களில் பலராபா ரமத் யாகூபு என்றொருவர். சிறுமியாகவே கட்டிக்கொடுக்கப்பட்டு, விவாகரத்துக்குப் பின் முதியோர் கல்வி வகுப்பில் படித்தவர். அவருடைய அண்ணன் நாட்டையே ஆண்ட ஜெனரல் முர்த்தலா முகமது. வரலாறு அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது! ஆனால் அவர் எழுதியது, புது மனைவிக்காக ரபி என்பவளையும் அவள் பிள்ளைகளையும் வீட்டைவிட்டுத் துரத்தும் ஒரு வெங்காய வியாபாரியைப் பற்றி. ரபி சமைத்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்குகிறாள். அங்காடியில் தன் கடை எரிந்து எல்லாம் போன பிறகு அந்த வியாபாரி திரும்பி வருகிறான். உறவுக்காரர்கள் கூடி, "போய் அவனோடு வாழு" என்கிறார்கள்.

அந்த நாவலை 2012-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது நம் சென்னைப் பதிப்பகமான பிளாஃப்ட். தமிழ் மாத நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்தார்களே, அவர்கள்தான்.

மணி அடித்துவிட்டீர்கள். அந்த உறவுக்காரர்கள் பேசுவதை மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.