ஒரு பகடி நாடகமும் அதன் பல மேடைகளும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பிறந்து உலகின் பல மேடைகளில் நடிக்கப்பட்டுவரும் ‘யூரின்டவுன்’ (சிறுநீர் நகரம்) என்ற நகைச்சுவை இசை நாடகத்தைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். அதை வெவ்வேறு குழுக்களின் நடிப்பில் பார்க்கப் பார்க்க, பகடி என்பது நடிகர் எந்த அளவுக்குத் தன் பாத்திரத்தை நம்புகிறார் என்பதைப் பொறுத்தே நிற்கிறது அல்லது விழுகிறது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

கையில் அதிகப் பணமில்லாமல் பாரிஸில் சுற்றிக்கொண்டிருந்தபோது கட்டணக் கழிப்பறைகளைக் கண்டு கிரெக் கோட்டிஸுக்குத் தோன்றிய கற்பனை இது. அவர் உரையாடலை எழுத, மார்க் ஹோல்மன் இசையமைக்க, பாடல்களை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். இருபது ஆண்டு வறட்சியால் வீட்டுக் கழிப்பறைகள் தடைசெய்யப்பட்ட ஒரு நகரத்தில், ஒரே நிறுவனம் நடத்தும் பொதுக் கழிப்பறைகளில் காசு கொடுத்துத்தான் எவரும் சிறுநீர் கழிக்க முடியும். மீறுபவர்களைக் காவலர்கள் பிடித்துக்கொண்டுபோய்விடுவார்கள். ஏழைகளின் கழிப்பறையில் வேலை செய்யும் பாபி கலகத்துக்குத் தலைமை ஏற்கிறான். அவன் காதலிக்கும் ஹோப், அந்த நிறுவன முதலாளியின் மகள்.

கதை இவ்வளவுதான், நாடகத்தின் உயிர் இசையில் இருக்கிறது. முதல் அங்கத்தின் முடிவில் கலகக்காரர்கள் எழுச்சியோடு பாடும்போது, புரட்சியைப் பாடும் புகழ்பெற்ற இசை நாடகமான ‘லே மிசராப்’ நினைவுக்கு வருகிறது; இன்னொரு பாட்டில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்ற இசை நாடகத்தின் நடனம் தலைகாட்டுகிறது; ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் உருவாக்கிய நாடக மரபு தொடக்கத்திலிருந்தே அடியில் ஓடுகிறது. கதைசொல்லியாக வரும் காவல் அதிகாரி லாக்ஸ்டாக்கும் லிட்டில் சாலி என்ற சிறுமியும், தாங்கள் ஓர் இசை நாடகத்துக்குள் இருப்பதை அறிந்தவர்களாய், அதன் தலைப்பு மோசமானது என்பதைக்கூட நம்மிடமே விவாதிக்கிறார்கள்.

1999-இல் நியூயார்க் ஃபிரிஞ்ச் நாடக விழாவில் சிறிய அளவில் அரங்கேறிய இந்த நாடகம், 2001 செப்டம்பர் 13 அன்று அந்நகரின் பெரிய நாடக அரங்குகளைக் கொண்ட பிராட்வேயின் ஹென்றி மில்லர் அரங்கில் தொடங்குவதாக இருந்தது. இரண்டு நாள் முன்பு நகரம் தாக்கப்பட்டதால் தொடக்கம் 20-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. துயரத்தில் இருந்த ஊரில் இப்படியொரு நாடகம் நிலைக்குமா என்ற கேள்விக்கு, 965 காட்சிகளும், உரையாடல், இசை, இயக்கம் ஆகியவற்றுக்காக 2002-இல் கிடைத்த மூன்று டோனி விருதுகளும் (பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருது) பதிலாயின. ஜான் ராண்டோவின் அந்த இயக்கத்தில் நடிகர்கள் ஒருவரும் கண்சிமிட்டவில்லை. அபத்தத்தை அபத்தம் என்று அறியாதவர்களைப் போல முழுமனதோடு பாடினார்கள்.

லண்டனில் 2014-இல் ஜேமி லாய்ட் இயக்கிய வடிவம் வேறு மனநிலை கொண்டது. செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் தொடங்கி, பிறகு அப்பல்லோ அரங்குக்கு மாறிய அந்தத் தயாரிப்பில் இருட்டும் அழுக்கும் இரத்தமும் கூடுதலாக இருந்தன. கூரையிலிருந்து பாபி தள்ளப்படும் இடத்தில் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எனக்கு இதுவே நெருக்கமானது. ஏனெனில் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அதில் லாபம் காண்பவர்களையும் அது வெறும் சாக்காகக் கருதவில்லை.

பள்ளி, கல்லூரிக் குழுக்களும் இந்த நாடகத்தை விரும்பி நடிக்கின்றன. நான் பார்த்த அத்தகைய ஒன்றில் ஒவ்வொரு நகைச்சுவை வரிக்குப் பிறகும் நடிகர்கள் சிரிப்புக்காகக் காத்து நின்றார்கள், சிரிப்பு வரவில்லை. மற்றொன்றில், குரல்வளம் குறைந்த மாணவர்களே என்றாலும், விடுதலையை நோக்கி ஓடச் சொல்லும் இரண்டாம் அங்கப் பாட்டைத் தேவாலயப் பாட்டுக்குரிய பக்தியோடு பாடினார்கள், அரங்கம் அதிர்ந்தது. ‘லே மிசராப்’ பார்த்திராதவர்களும் அங்கே சிரித்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மூல நாடகம் தெரியாவிட்டாலும், போலி வீரத்தின் தோரணையை எவராலும் அடையாளம் காண முடிகிறது.

ஒரு தயாரிப்பு இன்னொன்றிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியும் இந்த நாடகத்தின் வரலாற்றில் உண்டு. 2006-இல் பிராட்வேயின் படைப்புக் குழுவினர், சிகாகோவிலும் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரனிலும் நடந்த தயாரிப்புகள் தங்கள் இயக்கத்தையும் நடன அமைப்பையும் வடிவமைப்பையும் நகலெடுத்துவிட்டதாகக் குற்றம்சாட்டினார்கள். பிறருடைய பாணிகளைக் கடன்வாங்கி நையாண்டி செய்வதையே தொழிலாகக் கொண்ட நாடகம்தான் இது. ஆனாலும் இயக்குநரின் உழைப்புக்கு உரிமை கோருவது நியாயமே என்று நான் நினைக்கிறேன். பகடி, தான் எடுத்துக்கொள்வதை மாற்றிக் காட்டுகிறது; நகல் அதை அப்படியே வைக்கிறது.

இறுதிக் காட்சியை ஒவ்வொரு குழுவும் எப்படிக் கையாள்கிறது என்பதையே நான் ஆவலோடு கவனிப்பேன். கலகம் வென்று, ஹோப் ஆட்சிக்கு வந்து, கழிப்பறைகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட, தண்ணீர் தீர்ந்து மக்கள் மடிகிறார்கள். மக்கள்தொகை பெருகினால் வளம் போதாது என்று எச்சரித்த பொருளியலாளர் மால்தஸை வாழ்த்தி நாடகம் முடிகிறது. இதைச் சிலர் கடைசி நகைச்சுவையாக அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நாடகத்தின் துணிச்சல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பதால், அந்த வாழ்த்தொலியை நடிகர்கள் நிதானமாக, நேராகப் பார்வையாளர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். நன்றி, வணக்கம்.