"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர்"

நேயர்களுக்கு வணக்கம்.

முற்றிய புற்றுநோய்க்காரர்களைப் பார்க்கிற மருத்துவர் நான். என் அறை வாசலில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர். தெரிஞ்சா அன்னைக்கே ஒடைஞ்சு போயிடுவாரு." சொல்கிற மகனின் கண் கலங்கியிருக்கும். பாசத்தில்தான் சொல்கிறார்.

அப்படி வந்த ஓர் அப்பாவை என்னால் மறக்க முடியவில்லை. கணையத்தில் புற்று, கல்லீரல்வரை பரவிவிட்டது. வீட்டில் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். மகனை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "ரெண்டு கறவை மாடு இருக்கு சார். வித்துடட்டுமா, வச்சுக்கட்டுமா?"

எவ்வளவு நாள் என்று கேட்கிறார். புரிந்தது. புரிந்தும், "நல்லா சாப்பிடுங்க, பாத்துக்கலாம்" என்று மழுப்பிவிட்டேன்.

அடுத்த முறை அவர் எதுவுமே கேட்கவில்லை. வலி எப்படி இருக்கிறது என்றால், "பரவால்ல சார்". ஆனால் நாற்காலியில் முன்னால் குனிந்து, வயிற்றை இரண்டு கையாலும் அணைத்தபடிதான் உட்கார்ந்திருந்தார். கணைய வலி முதுகுக்குப் பாயும். குனிந்தால் கொஞ்சம் அடங்கும். நான் உண்மை பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அமெரிக்காவில் 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. முற்றிய நுரையீரல், குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,193 பேரை விசாரித்தார்கள். அந்தக் கீமோ நோயைக் குணமாக்க வாய்ப்பே இல்லை என்பதை நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதமும், குடல் நோயாளிகளில் 81 சதவீதமும் உணர்ந்திருக்கவில்லை. தங்கள் மருத்துவர் நன்றாகப் பேசுகிறார் என்று பாராட்டியவர்களிடம்தான் இந்தத் தவறான எண்ணம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த "பாத்துக்கலாம்" ஞாபகத்துக்கு வந்தது. இதமாகப் பேசுவது எங்களுக்குச் சுலபம். நம்பி வந்தவருக்கு அது போதாது.

மூன்றாவது முறை, மகனிடம் முதலில் பேசினேன். "நானாகப் போய்க் கொட்ட மாட்டேன். அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்." யோசித்துத் தலையாட்டினார். அப்புறம் அப்பாவிடம் கேட்டேன்: "ஐயா, உங்க உடம்பப் பத்தி உங்ககிட்டயே சொல்லட்டுமா, பையன்கிட்ட பேசட்டுமா?" பையனிடமே பேசுங்கள் என்பவர்களும் உண்டு. சரி, அதுவும் அவர்கள் முடிவுதான். இவர், "எங்கிட்டயே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வருடக் கணக்கில் இல்லை, மாதக் கணக்குதான் என்றும், கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும். கொஞ்ச நேரம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்: "ராத்திரியில படுக்கவே முடியல சார். தலகாணிய மடியில வச்சு குனிஞ்சேதான் கெடக்கேன்."

அன்றே மார்ஃபின் மாத்திரை தொடங்கினோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. மார்ஃபின் சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து என்ற பயம் பலருக்கு உண்டு. அளவறிந்து கொடுத்தால் அது வலிக்கான மருந்து, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மகன் வந்து சொன்னார்: அப்பா மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். ஒரு மாட்டை விற்றுவிட்டார். சினையாக இருக்கிறதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.