வாடகைக்கு இருப்பவர் பூங்காக் கூட்டத்தில் கை தூக்கலாமா?

வணக்கம். இன்றைக்கு மூன்று சந்தேகங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மட்டுமே பேசப் போகிறேன். நாலு நாளாக அது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். “ஐயா, எங்கள் நகரில் உள்ள பூங்காவைச் சீரமைக்கப் போகிறார்கள். இனி அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பேச நலச்சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எட்டு போடும் நடைபாதை வேண்டுமா, ஷட்டில் கோர்ட் வேண்டுமா என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர், ‘நீங்க வாடகைக்குத்தானே இருக்கீங்க’ என்றார். கையை இறக்கிவிட்டேன். நான் செய்தது சரியா? இரண்டில் எது நல்லது? அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நடைபாதையா கோர்ட்டா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கையைப் பற்றிப் பேசுவோம்.

அம்மா, நீங்கள் கையை இறக்கியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பூங்கா யாருடையது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பத்திரத்தில் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். கவனியுங்கள், எழுதிக் கொடுப்பது உள்ளாட்சிக்கு. நலச்சங்கத்துக்கும் இல்லை, மனை வாங்கியவர்களுக்கும் இல்லை. சொந்த வீட்டுக்காரருக்கு அந்தப் பூங்காவில் எவ்வளவு உரிமையோ, அதே அளவு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கும் உண்டு.

பெங்களூரு வழக்கு ஒன்றை இங்கே பல தடவை சொல்லியிருக்கிறேன். வழக்கமாகப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை சொல்கிறேன். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, ஒரு தனியார் அறக்கட்டளை மருத்துவமனை கட்டிக்கொள்ளட்டும் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று எதிர்த்தரப்பு கேட்டது. உயர் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது, 1991-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூங்கா போனால் முதலில் பாதிக்கப்படுவது பகுதிவாசிகள்தான், அவர்கள் தாராளமாகக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. நிலத்தில் பட்டா வைத்திருக்கிறாயா என்று பார்க்கவில்லை. அங்கே வாழ்கிறாயா என்றுதான் பார்த்தது.

இன்னொன்று. நலச்சங்கக் கூட்டம் நல்ல விஷயம்தான், நடக்கட்டும். ஆனால் சட்டப்படி இதைப் பேச வேண்டிய இடம் பகுதி சபை. 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. உங்கள் தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்திருந்தார். கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்துக்கு இது அப்படி. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்க முடியாது. ஆகவே பட்டியலில் உங்கள் பெயர் இந்த முகவரியில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வீடு மாறும்போது நம்மில் பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

சரி, உங்கள் கைக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் நாலு நாளாக என்னை உறுத்துவது வேறு. வந்து, கை தூக்கி, இறக்கினீர்கள். அந்தக் கூட்டத்துக்கே வராதவர் யார்? அவருக்காக யார் கை தூக்கினார்கள்? பகுதி சபையிலேகூட 18 வயது ஆகாத பிள்ளைக்கு இடமில்லை. பக்கத்து வார்டிலிருந்து உங்கள் தெருவுக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இடமில்லை. பூங்கா அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டு பேருக்கும்தான்.

பேருந்து நிலையம் பற்றிய பேச்சில், ஏரிக்கரை பற்றிய பேச்சில் எல்லாம் நான் சொன்னதுதான்: கை எண்ணுவதற்கு முன்னால் ஆள் எண்ணுங்கள். இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். வேலையில் இருந்த காலம். ஒரு ஊர், பெயர் வேண்டாம். பூங்கா அமைக்க மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோம். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நாற்பது பேர் வந்தார்கள். முக்கால்வாசி ஓய்வு பெற்றவர்கள். நடைபாதை, கூழாங்கல் பதித்த எட்டு, நிழற்குடை, நடுவில் புல்தரை. எல்லாம் ஒருமனதாக முடிவானது. எனக்கும் திருப்தி. மக்கள் கேட்டதைக் கட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். மதியம் இரண்டரை மணி, மே மாதம். எதிர் டீக்கடையில் நின்றேன். காலையில் நடப்பவர்கள் போனதும் பூட்டினால், மறுபடி நாலு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்களாம். உள்ளே புங்க மரம், அதன் கீழே நல்ல நிழல், சிமென்ட் பெஞ்ச், ஒரு ஈ காக்கை இல்லை. கேட்டுக்கு வெளியே, கால்வாய் மேல் மூடியிருந்த ஸ்லாப்பில் மூன்று பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் எவர்சில்வர் டப்பா, எலுமிச்சைச் சோறு. மரத்தின் நிழல் கேட்டுக் கம்பிகளைத் தாண்டி ஒரு முழம் வெளியே விழுந்திருந்தது. மூன்று பேரும் அந்த ஒரு முழத்துக்குள் காலை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து அபார்ட்மென்டில் வேலை பார்ப்பவர்கள். காலை வேலை முடிந்து மாலை வேலை தொடங்கும் வரை போக இடமில்லை. “உள்ளே எப்பவாவது போயிருக்கீங்களா?” என்றேன். “அது வாக்கிங் போறவங்களுக்கு சார்” என்றார் டப்பா வைத்திருந்தவர். குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அந்த மூன்று பேரும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். கூட்டத்துக்கு அந்த நேரத்தைக் குறித்தது நான். அந்தப் பூங்காவுக்கு அவர்கள் கேட்டிருக்கக்கூடியது செலவே இல்லாதது. மதியம் பூட்டாமல் இருந்தால் போதும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வராதவர்களை எண்ணிப் பார்த்த ஒரு நகரத்தைச் சொல்கிறேன். ஆஸ்திரியாவின் வியன்னா. 1990களின் நடுவில் அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள். சின்ன வயதில் பையன்களும் பெண் பிள்ளைகளும் சமமாகப் பூங்காவுக்கு வருகிறார்கள். ஒன்பது, பத்து வயது தாண்டியதும் பெண் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். ஏன்? பந்து விளையாடும் இடம் கம்பி வலைக் கூண்டு மாதிரி, ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் பையன்கள் நின்றால் பெண் பிள்ளை உள்ளே போக மாட்டாள். போனாலும் இடத்துக்காக மல்லுக்கட்ட வேண்டும். 1999-இல் மார்கரெட்டன் என்ற ஐந்தாவது மாவட்டத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். கூண்டுக்குக் கூடுதல் வாசல்கள் வைத்தார்கள். ஒரே பெரிய திடலைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள். கைப்பந்து, பேட்மிண்டன் மாதிரி ஆட்டங்களுக்கு இடம் விட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பெண்கள் பூங்கா என்று போர்டு மாட்டவில்லை, பையன்களை விரட்டவும் இல்லை.

இதைப் படித்த பிறகு நம் ஊர்ப் பூங்காக்களில் நான் முதலில் பார்ப்பதே கோர்ட்டின் வாசலைத்தான். எத்தனை வாசல், அது எந்தப் பக்கம், வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊஞ்சல் பக்கம் எட்டு வயதுப் பாப்பாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எங்கே என்று தேடிப் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நடைபாதையா, கோர்ட்டா? எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரிந்துகொண்டு தூக்குவதற்காக நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது ஒரு வேலை நாளும் சனிக்கிழமையும். காலை ஆறு, பதினொன்று, மதியம் இரண்டரை, மாலை ஆறு. நாலு வேளையும் பூங்காவில் கால் மணி நேரம் உட்காருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நிற்பவர்களையும் எழுதுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். டெலிவரி வண்டிப் பையன்கள், பள்ளி விடும் நேரத்துக்காகக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகள், பூ விற்பவர். அந்த நோட்டைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் கை தூக்கச் சொல்லட்டும். கேள்வியே மாறிவிடும் என்று நம்புகிறேன். கோர்ட்டுக்கு இரண்டு வாசல் வைக்கலாமா, மதியம் திறந்து வைக்கலாமா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று பேச்சு போகும். நடைபாதையும் கோர்ட்டும் இரண்டுமேகூட வரலாம்.

ஒன்றுமே கட்டாமல் ஒரு மூலையை விடலாமா என்றும் கேளுங்கள். பெர்லினில் டெம்பல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் அதைப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். 300 ஹெக்டேருக்கு மேல். ஓரங்களில் சுமார் 4,700 வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் கட்ட அரசு திட்டம் போட்டது. 2014 மே 25-இல் நகரமே வாக்களித்து, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றது. வாக்களித்தவர்களில் 64 சதவீதம் பேர் அந்தப் பக்கம். வீட்டு வாடகை ஏறிக்கொண்டிருந்த ஊர் அது, வீடு கட்டத்தான் வேண்டும் என்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறகு அந்தத் திடலை எப்படிப் பராமரிப்பது என்ற திட்டத்தை மக்களோடு உட்கார்ந்து எழுதி 2016-இல் முடித்தார்கள். இன்றைக்கு ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். வானம்பாடி தரையில் கூடு கட்டும் மாதங்களில் புல்வெளியின் ஒரு பகுதிக்குள் யாரும் போகக்கூடாது என்று தடுப்புக் கட்டி வைக்கிறார்கள். கூட்டத்துக்கு வர முடியாத வானம்பாடிக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். நம் பூங்காவின் வெறும் மண் மூலை வீணாகக் கிடக்கிறது என்று பேவர் பிளாக் போட்டு மூடுவதற்கு முன்னால், அங்கே யார் கோலி ஆடுகிறார்கள், மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் படிக்காமல் விட்ட கடைசி வரியில் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பணம் திரட்டப் போவதாக இருந்தது. நல்ல திட்டம். இப்படிப்பட்ட வேலைகளுக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால், மீதியை அரசு போடும். ஆனால் ஒன்றை முதலிலேயே எழுத்தில் தீர்மானமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவருக்கும் கொடுக்க முடியாதவருக்கும் பேச்சு ஒன்றுதான் என்று. இல்லாவிட்டால் வாடகைக்கு இருப்பவரிடம் இன்றைக்குச் சொன்னதை, நாளைக்கு நன்கொடைப் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் சொல்வார்கள்.

சகோதரி, சனிக்கிழமை ராத்திரிக்குள் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதிலும் மதியம் இரண்டரை மணிப் பக்கம் கட்டாயம் வேண்டும். நானும் ஒரு தடவை பார்த்துவிட்டு, என்ன தோன்றுகிறது என்று எழுதுகிறேன். மீதி இரண்டு சந்தேகங்கள் வியாழக்கிழமை.