சரக்கு மிடுக்கா, செட்டியார் மிடுக்கா?

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் பேசியதை எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள். பேசியபடியே தருகிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, வெயிலைப் பாராமல் சைக்கிளில் வந்து சேர்ந்த பங்குத்தந்தை அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே! அதிபர் சேரிடம் ஐந்தாம் வகுப்பில் அடி வாங்கியவன் நான். முன்வரிசையில் அவரைக் கண்டால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. கடற்றொழிலாளர் சங்கத்தினரே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, ஒலிபெருக்கித் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை.

கஞ்சாவைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் தம்பி கேட்டார். கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சட்டப்படி ஒரு கடையும் சட்டத்துக்குப் புறம்பாக ஒரு கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சனம் எதற்குள் போகும்? இது வியாபாரக் கேள்வி. நம் இலங்கையில் கஞ்சா குற்றம். ஆயுர்வேத மருந்துக்கு, அதுவும் அரச அனுமதியோடு, இடமுண்டு. அதை மாற்று என்று கேட்க நான் வரவில்லை, குருக்கள் ஐயா பயப்பட வேண்டாம். மூன்று விடயம் சொல்வேன்: விலை, நம்பிக்கை, மூன்றாவது நம்முடைய பொடியன்கள்.

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 அன்று கஞ்சா சட்டபூர்வமானது. நம் சனம் நிறைந்த ஒன்ராறியோவில் அன்றைக்கு ஒரு கடைகூட இல்லை. அரசாங்கத்தின் இணையத்தளத்தில் பதிந்தால் தபாலில் வரும். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர்கள் சுழற்சி முறையில் வேலைநிறுத்தம் செய்தார்கள்! கடை திறந்தது 2019 ஏப்ரலில்தான். சட்டக் கடையில் ஒரு கிராம் ஏறக்குறைய பத்து டொலர், கள்ளச் சந்தையில் ஆறு டொலருக்கும் குறைவு. கிராமுக்கு ஒரு டொலர் அல்லது விலையில் பத்து வீதம், எது கூடவோ அதுதான் தீர்வை. கள்ள வியாபாரி தீர்வை கட்டுவானா? ஸ்காபரோவில் இருக்கிற என் மருமகன் அப்போது தொலைபேசியில் சொன்னான்: "மாமா, இஞ்ச சட்டப்படி வாங்கிறதுக்குத்தான் கஷ்டம்."

இங்கேதான் நம் பழமொழி வருகிறது. சரக்கு மிடுக்கா, செட்டியார் மிடுக்கா? விற்பது பொருளின் தரமா, விற்கிறவரின் கெட்டித்தனமா என்று கேட்கிறது. (பின்வரிசைப் பொடியன்கள் 'சரக்கு' என்றதும் சிரித்தார்கள். நான் சொன்னது அந்தச் சரக்கை அல்ல.) அரசாங்கம் தன் சரக்கைச் சோதித்து, பெட்டியில் அடைத்து, எச்சரிக்கை ஒட்டி வைத்திருந்தது. ஆனால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் செட்டியாரிடம் இருந்தது.

இதை நான் 1992இலேயே படித்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்த காலம். நான் சங்கக்கடையில் இளம் எழுதுவினைஞன். எண்ணெய் வந்தால் கூப்பன் பார்த்து அளந்து கொடுக்கிறவனே நான்தான். ஆனால் என் அம்மா எண்ணெய் வாங்கியது எங்கே? முடக்கடியில் ஓர் அண்ணையிடம்! கிளாலிக் கடல்நீரேரிப் பக்கத்தால் எப்படியோ வந்த எண்ணெய், சங்க விலையைப்போலப் பல மடங்கு.

எனக்கு மானம் போனது. "அம்மா, கூப்பன் எண்ணெய் வந்து நாலு நாள். நீங்கள் ஏன் கள்ள எண்ணெய் வாங்குகிறீர்கள்?" என்று கத்தினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தவில்லை. "உன்ர கடை திறக்கிறது பத்து மணிக்கு, பூட்டுறது பன்ரெண்டுக்கு. கியூவில நிண்டு என்ர முறை வரேக்க 'முடிஞ்சுது' எண்டுறாய், பெத்த தாய்க்கு! அவன் படலையடியில வந்து கூப்பிடுறான். காசு இல்லாட்டி கொப்பியில எழுதுறான்."

ஒருநாள் இரவு விளக்கு படபடவென்று வெடித்து அணைந்தது. எண்ணெய்க்குள் தண்ணீர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், இன்றோடு அந்த வியாபாரம் ஒழிந்தது என்று. காலையில் அம்மா போத்தலோடு போனா. அண்ணை மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், ஒரு சொல் பேசாமல் வேறு போத்தல் கொடுத்தார். கூடவே அரைத் தீப்பெட்டி. அம்மா திரும்பி வந்து கேட்டா: "போன மாசம் உன்ர சீனி கசிஞ்சு போய்க் கிடக்குது எண்டு சொல்ல, நீ என்ன சொன்னனி?" கிளைக்குழுவுக்கு எழுதித் தாருங்கள் என்று சொல்லியிருந்தேன்! சரக்கு மிடுக்கா, செட்டியார் மிடுக்கா? அன்றைக்குச் செட்டியார் வென்றார்.

ஆனால் எப்போதும் செட்டியார் வெல்வதில்லை, அவரிடம் இருப்பது நம்பிக்கை மட்டும்தான், சோதனைச்சாலை இல்லை. 2019இல் அமெரிக்காவில் மின்சிகரெட் போன்ற ஆவியாக்கி இழுத்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் நோய் வந்தது. கஞ்சா எண்ணெயில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற்றோடு அந்த நோய் வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. பெரும்பாலானோர் வாங்கியது நண்பரிடமும் தெருவிலும். அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கனடாவிலும் பிறகு கடைகள் பெருகி விலை இறங்க, சனம் மெல்ல மாறியது. 2020இன் மூன்றாம் காலாண்டில் சட்டச் சந்தையில் செலவழித்த காசு கள்ளச் சந்தையை முந்தியது. தூரமும் விலையும் நேரமும் சரிவந்த பிறகுதான் மாறினார்கள். கலிபோர்னியாவில் 2018இல் விற்பனை தொடங்கியும் பாதிக்கு மேற்பட்ட ஊர்கள் கடைக்கு இடமே கொடுக்கவில்லை, வரியும் கூட. அங்கே கள்ளச் சந்தை இன்னும் கொழுத்துத்தான் இருக்கிறது. உருகுவே 2013இல் உலகத்துக்கே முதலில் சட்டம் போட்ட நாடு, அங்கே மருந்தகத்தில் விரல் அடையாளம் வைத்தால்தான் கிடைக்கும். விரலை வைக்க எத்தனை பேர் விரும்புவார்கள்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். எட்டு மணிக்குப் பிறகு பால்மா வேண்டுமென்றால் எங்கே போகிறோம்? சங்கக்கடை ஐந்து மணிக்கே பூட்டு. கள்ளுத் தவறணையைப் பூட்டினால் கள்ளச் சாராயமான கசிப்பு ஓடும் என்று மாதர் சங்கத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்ல கடை பூட்டியிருக்கிற நேரத்தில்தான் மற்றக் கடை திறக்கும். ஆகவேதான் நான் நாலு வருடமாகக் கேட்கிறேன்: சங்கக்கடை இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும், வாசலில் விலைப்பலகை, சனம் பார்க்கிற பக்கமாகத் தராசு. பிரதேச சபை உறுப்பினர் தலையாட்டுகிறார். போன வருடமும் ஆட்டினார்.

மூன்றாவது, பொடியன்கள் விடயம். தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார், பிள்ளைகள் சலங்கை கட்டி நிற்கிறார்கள். சரி, விட்டுவிடுகிறேன். எட்டு மணி மனு வாசிகசாலை மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்திடுங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன முறை வைத்ததைக் காணவில்லை.